டெல்மர் அடைத்த தோட்டாக்கள்

தம்பி டுவேன் கோட்டுப் பையிலிருந்து அந்த நீலப் பெட்டியை எடுத்து, அப்பாவின் நண்பர் வெண்டலின் பிக்கப் வண்டியின் பின்பலகைமேல் வைத்தபோது, நோரீனின் கையில் அப்பாவின் குழிக்குள் போட வேண்டிய மண் அப்படியே இருந்தது. மற்ற எல்லோரும் போட்டாகிவிட்டது. அவள் மட்டும் கையை நீட்டியபடி, பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஐம்பது தோட்டா பிடிக்கிற சாதாரண பிளாஸ்டிக் பெட்டிதான். அப்பா கடையில் தோட்டா வாங்க மாட்டார், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் குப்பிகளில் தானே வெடிமருந்து அளந்து போட்டுக் குண்டை வைத்து அடைத்துக்கொள்வார். மூடியில் வெள்ளை நாடா ஒட்டி, கோணல்மாணலாக 'டுவேனுக்கு' என்று எழுதியிருந்தது. இந்தப் பெட்டியைத்தான் அப்பா கண் மூடிய நாளிலிருந்து அவள் சாவு வேலைகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தாள். கராஜில், கட்டிலுக்கு அடியில், அவருடைய பூட்ஸுக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தாள். பாய்சி நகரிலிருந்து தம்பி வந்து இறங்கி, அவளைக் கட்டிக்கொண்டு அழுத கையோடு நேரே போய் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான் என்று இப்போதுதான் தெரிந்தது.

"அப்பா எனக்காக அடைச்ச கடைசிப் பெட்டி," என்றான் டுவேன். "அவரோட துப்பாக்கி, அவரோட தோட்டா, அவர் சுட்டுப் பழகின அதே மண்மேடு. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன மரியாதை செய்ய முடியும்? அஞ்சு தடவை சுட்டு அவரை அனுப்பி வைப்போம். முதல்ல நம்ம கெய்லி சுடுவா."

தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்த ஆண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்பா டெல்மர் கிரிக்ஸோடு ஓடைக்கு அப்பாலிருந்த அந்தக் களிமண் மேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவர்கள். மலைச்சரிவில், மனைவிக்குப் பக்கத்தில், சுடுகிற இடம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தன்னைப் புதைக்க வேண்டும் என்பது டெல்மரின் ஆசை. மனைவிக்குப் பக்கத்தில் என்பதைவிட இரண்டாவது ஆசைதான் பெரியது என்று நோரீன் நினைப்பாள்.

கெய்லி டுவேனின் மகள். பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. கருப்பு உடையில் மெலிந்து நின்ற அந்தப் பெண்ணின் கையில் டுவேன் ரிவால்வரைக் கொடுத்தான். நாற்பத்து நாலு மேக்னம், பெரிய குண்டுக்கு நிறைய வெடிமருந்து போடுகிற ரகம். கை இரண்டையும் கீழே இழுக்கிற கனம். டெல்மர் கரடிக்காக என்று சொல்லித்தான் அதை வாங்கினார். நாற்பது வருடமாக ஒரு கரடியும் வந்து அவரைத் தொந்தரவு செய்யவில்லை. ஆனாலும் இடுப்பில் அது இல்லாமல் தபால்பெட்டி வரைக்கும்கூட நடந்ததில்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்கம்மா," என்றான் டுவேன். "இல்லேன்னா உங்க அத்தை மாதிரி நெத்தியில முத்திரை விழுந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். சாவுக்கு வந்த இடத்தில் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தால் யார் விடுவார்கள்.

பெரிய துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. பழக்கமில்லாத கையில் அதைக் கொடுத்து, அந்தக் கை படுகிற பாட்டைப் பார்த்து ரசிப்பது. நோரீன் ஒல்லிப் பெண்ணாக இருந்தபோது டெல்மர் அப்படித்தான் கொடுத்தார். லேசான தோட்டாதான் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உள்ளதிலேயே பலமானதைப் போட்டிருந்தார். துப்பாக்கி எகிறி வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் வழிய நின்ற மகளைப் பார்த்து அப்பாவும் வெண்டலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அப்பாவே வண்டியில் கூட்டிப்போய்த் தையல் போட வைத்தார், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேசைக்கு வரும். ஐஸ்கிரீம் சொல்லப்படும். பொய் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்தது சொல்லப்படாது.

கெய்லி துப்பாக்கியில் தோட்டா போடுகிற பக்கவாட்டுக் கதவைத் திறக்கத் தெரியாமல் விழித்தாள். டுவேன் வாங்கி, பெட்டியின் முதல் வரிசையிலிருந்து ஐந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். தவறி வெடித்துவிடாமல் இருக்க ஆறாவது அறையைக் காலியாக விட்டான். அதுவும் அப்பா பழக்கிய பழக்கம்.

நோரீன் திரும்பி வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் அப்பாவின் ஐம்பது வருட நண்பர். குழியின் தலைமாட்டில் நின்றிருந்தவர் இப்போது அங்கே இல்லை. மெல்ல மெல்ல நகர்ந்து தன் பிக்கப் வண்டியின் முன்பக்கம், எஞ்சினுக்கு அந்தப்புறம் போய் நின்றிருந்தார். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் பார்க்க ஒன்றுமில்லை.

நோரீன் கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டாள். குழிக்குள் விழுந்ததா வெளியே விழுந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

"டுவேன், அந்தத் தோட்டா வேணாம்."

"என்னது?"

"அதைச் சுட வேணாம். வெண்டல் வண்டியில கடைத் தோட்டா இருக்கும். அதைப் போட்டுச் சுடுங்க."

"அப்பா சாவுக்குக் கடைத் தோட்டாவா?" டுவேன் சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். "குழியிலேருந்து எந்திரிச்சு வந்து என்னை அறைவாரு."

"நான் விளையாட்டுக்குச் சொல்லலை. அதை இன்னும் யாரும் பிரிச்சுப் பார்க்கலை."

"எதுக்குப் பிரிச்சுப் பார்க்கணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அவள் இரண்டு வருடமாகப் பாடுபட்டாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெய்லி இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு ரெண்டு வருஷமா நினைவு சரியில்லை," என்றாள் நோரீன். "தோட்டாவுக்குள்ள வெடிமருந்தை மாத்திப் போட்டார். சிலதுல போடவே இல்லை. சிலதுல அளவுக்கு மேல போட்டார். அது வெடிச்சா துப்பாக்கியே பிளந்துடும். அவ கையும் முகமும் போயிடும்."

எல்லோரும் டுவேன் பக்கம் திரும்பினார்கள்.

"நினைவு சரியில்லையா?" டுவேனின் முகம் சிவந்துவிட்டது. "நான் கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப என்கூட உக்காந்து லாரி ஓட்டின காலத்துக் கதையெல்லாம் பேசினாரே? ஒரு பேரு தப்பலையே?"

"பழசெல்லாம் ஞாபகம் இருக்கும். காலையில சாப்பிட்டாரான்னு கேட்டா, தெரியாது."

"அப்புறம் வேட்டைக்கு எனக்குக் குடுத்த பெட்டிங்க? சுட்டேனே! ஒவ்வொண்ணும் குறி வெச்ச இடத்துல போய் உக்காந்துதே!"

"அது நான் அடைச்சது."

இந்த முறை சிரிப்பு பலமாகவே வந்தது. டுவேன் சிரிக்கவில்லை.

"நீ?" என்றான். "அப்பா உன்னை மருந்து டப்பா பக்கத்துல விட்டதே கிடையாது. பித்தளையைத் துடைச்சு வைக்கிறது மட்டும்தான் உன் வேலை. அவரே சொல்வாரு, நோரீன் கை துடைக்கத்தான் லாயக்குன்னு."

"அவர் அடைச்சதைப் பிரிச்சு, மருந்தைக் கொட்டிட்டு, திரும்ப அடைச்சு வெச்சேன். ஒவ்வொரு பெட்டியும். இந்தப் பெட்டியை மட்டும் முடியலை. அவரு படுத்துட்டாரு."

டுவேன் அவளை விட்டுத் திரும்பினான். "வெண்டல், நீங்க சொல்லுங்க. வாராவாரம் அவரோட சுட்டவரு நீங்க. எங்கப்பா மருந்து அளக்கத் தெரியாம செத்தாரா?"

வெண்டல் தொப்பியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "டெல்மர் மாதிரி தோட்டா அடைக்க இந்தப் பக்கத்துல ஆள் கிடையாது," என்றார்.

"கேட்டியா?"

கேட்டாள். வெண்டல் நின்ற இடத்தையும் பார்த்தாள். டுவேன் மகள் கையிலிருந்து ரிவால்வரை வாங்கி, கதவைத் திறந்து ஒரு தோட்டாவை வெளியே தள்ளி, நோரீனின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"பிரி," என்றான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சேன்னா நீ உள்ள எதை வேணாலும் போட்டிருப்பே. இங்கயே, எல்லார் கண்ணுக்கு முன்னாடியும் பிரி."

வெண்டல் வண்டியின் கருவிப் பெட்டியைத் திறந்து, குண்டு பிடுங்கும் சுத்தியலை எடுத்துப் பின்பலகைமேல் வைத்துவிட்டு, மறுபடி எஞ்சினுக்கு அந்தப்புறம் போய்விட்டார்.

பார்க்கப் பொம்மைச் சுத்தியல் போல இருக்கும். தலைக்குள் தோட்டாவைச் சொருகி ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று மருந்தோடு உள்ளே விழும். நோரீன் குனிந்து, சவப்பெட்டியை இறக்கப் போட்டிருந்த கட்டைமேல் தட்டினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் கழன்றது. மூடியைத் திருகி வெள்ளைக் கைக்குட்டையில் கொட்டினாள். அது சாவுக்காகப் புதிதாக வாங்கிய கைக்குட்டை.

மருந்து கடுகைவிடச் சின்ன மணியாக, கருப்பாகப் பளபளத்தது. மேக்னத்துக்கு உரிய மருந்து. அளவும் சரியாக இருக்கும் என்று கண்ணே சொன்னது. இத்தனை மாதம் பிரித்துப் பிரித்து அவள் கண்ணுக்கு அது பழகியிருந்தது.

கைக்குட்டையை எட்டிப் பார்த்தவர்கள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் முகத்திலேயே பதில் இருந்தது.

"இப்ப சொல்லு," என்றான் டுவேன். சத்தம் போடாமல், கிட்டே வந்து சொன்னான். அதுதான் சுட்டது. "மண்ணு போட்டு ஒரு மணி நேரம் ஆகலை. எங்கப்பா பைத்தியம்னு ஊரைக் கூட்டி வெச்சுச் சொல்லிட்டே. இதுக்காகவா இத்தனை நாள் அவர்கூட இருந்தே?"

"ஒண்ணைப் பார்த்து அத்தனையும் நல்லதுன்னு சொல்ல முடியாது."

"போதும் நோரி."

"சரி. சுடறதுன்னா நீ சுடு. கெய்லி சுட மாட்டா." அவள் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கெய்லி உடனே வந்துவிட்டாள். கை ஐஸாக இருந்தது. அப்பா கேட்டால் அத்தை இழுத்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நிம்மதி என்பது பிடித்த கைக்குத் தெரிந்தது.

டுவேன் இரண்டாவது வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் காலியான அறையில் போட்டுக்கொண்டு, குழியின் விளிம்பிலிருந்து மண்மேட்டைப் பார்த்து நின்றான். காதை மூட எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவும் வைத்ததில்லை. அப்படித்தான் ஐம்பது வயதுக்குள் செவிடானார்.

முதல் குண்டு வெடித்தபோது நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்த மாதிரி இருந்தது. மேட்டில் மண் தெறித்தது. டுவேன் கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை அழுத்துகிறான் என்பதை நோரீன் பார்த்தாள். தான் திரும்ப அடைத்த தோட்டா சரியாக இருக்கிறதா என்று, அப்பா தூங்கும்போது அந்த ரிவால்வரை எடுத்துக்கொண்டு ஜல்லிக் குழிக்குப் போய் இந்த இரண்டு வருடத்தில் அவள் சுட்டதில் கால்வாசிகூட அவன் தன் ஆயுளில் சுட்டிருக்க மாட்டான். அவள் வலதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் காய்த்துப்போயிருந்தது. அதைச் சாவுக்கு வந்த ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டு. மூன்று. ஒவ்வொரு முறையும் அவள் கெய்லியின் தலையைத் தன் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான்காவதற்கு முன் தம்பி ரிவால்வரைத் தாழ்த்தி மறுபடி உயர்த்தினான். பயமாகவும் இருக்கலாம், அழுகையாகவும் இருக்கலாம். ஐயோ, இதில் தப்பான மருந்து இருந்துவிடப்போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. அதே மனசின் ஒரு மூலையில், இருக்கட்டும் என்று ஒரு குரல் கேட்டதையும் அவளால் இல்லை என்று சொல்ல முடியாது.

ஐந்தும் வெடித்தன. ஒன்றும் ஆகவில்லை. ஆண்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு டுவேனின் முதுகில் தட்டினார்கள். "ஒவ்வொண்ணும் தங்கம்," என்றார் ஒருவர். வெண்டல் எஞ்சினுக்கு அந்தப்புறத்திலிருந்து வெளியே வந்தார்.

கீழே வீட்டில் சபைப் பெண்கள் பன்றித் தொடையையும், பாலாடைக்கட்டி போட்டு மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவி வேகவைத்த உருளைக்கிழங்கையும் பரப்பி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் அந்த உருளைக்கிழங்கு வந்துவிடும். டுவேன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நெற்றிக் கதையைச் சொன்னான். ஐஸ்கிரீம் வரைக்கும் சொன்னான். எல்லோரும் நோரீனைப் பார்க்காமல் சிரித்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் சமையலறைக்கு வந்து, "பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறவங்களுக்கு மனசு ரொம்பக் களைச்சுப் போயிடும்மா. நீ தப்பா நினைக்காம டாக்டரைப் போய்ப் பாரு," என்று தோளைத் தடவிவிட்டுப் போனாள்.

நோரீன் பாத்திரம் கழுவினாள். வேறு என்ன செய்வாள். கைதான் துடைக்க லாயக்காயிற்றே.

படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் கடைசி நாளன்று, "அவர்கிட்டப் பேசுங்க. மனுஷனுக்குக் காதுதான் கடைசியாப் போகும்," என்று சொன்னாள். நோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதருக்குக் காதுதான் முதலில் போனது. நர்ஸ் வெளியே போனதும் அவர் காதில் வாயை வைத்து, "உங்க பெட்டியெல்லாம் நான்தான் பிரிச்சேன்ப்பா," என்று சொன்னாள். கேட்காது என்ற தைரியத்தில்தான் சொன்னாள். அவருடைய வாய் கொஞ்சம் அசைந்தது. மூச்சு வாங்கியிருக்கலாம்.

சாப்பிட்டு முடித்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெண்டல் மட்டும் பின்வாசல் லைலாக் பூச்செடியோரம் நின்றுகொண்டிருந்தார். அவள் குப்பை கொட்ட வரட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"நீங்க எஞ்சினுக்குப் பின்னால போய் நின்னீங்க," என்றாள் நோரீன்.

அவர் மறுக்கவில்லை. "அன்னிக்கு ஜல்லிக் குழியில குண்டு குழாய்க்குள்ளயே மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா? அடுத்ததைச் சுடறதுக்குள்ள நான் டெல்மர் கையைப் பிடிச்சேன். மருந்தைப் பத்த வைக்கிற பிரைமர் சரியில்லைன்னான். நானும் சரின்னேன்." லைலாக் இலை ஒன்றைக் கிள்ளினார். "அதுக்கப்புறம் அவன் குடுக்கற தோட்டாவை வாங்கிப்பேன். சுட மாட்டேன். வீட்டுல ஒரு காப்பி டின் நிறைய இருக்கு."

"அத்தனையும் நான் அடைச்சது, வெண்டல்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா சரி. இன்னிக்கு அந்தப் பொண்ணு கையில துப்பாக்கி இருந்தப்ப உங்க வாய்க்கு என்ன ஆச்சு?"

வெண்டல் கிள்ளிய இலையைக் கசக்கிக் கீழே போட்டார். "அவனுக்குச் சாவு நடக்குது, நோரீன்," என்றார் கடைசியில். "அவனைப் பத்தி அப்படி ஒண்ணை அவன் குழிமேட்டுல நின்னு எப்படிச் சொல்றது?"

"நான் சொன்னேனே."

"நீ சொன்னே," என்று ஒப்புக்கொண்டார். "குண்டு பிடுங்கறதை எடுத்துக் குடுத்தேன் இல்ல?"

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போல வந்தது. எண்பது வயதுக் கிழவனை என்ன அடிப்பது. குப்பையைக் கொட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

நீலப் பெட்டியை டுவேன் மேசைமேலேயே விட்டுவிட்டு ஊருக்குள் விடுதிக்குத் தூங்கப் போயிருந்தான். காலையில் ரிவால்வரோடு சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்புவதாகச் சொல்லியிருந்தான். நோரீன் பெட்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனாள். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. ஆணியில் மாட்டியிருந்த தன் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தாள்.

இரண்டு வருடமாக இந்த வேலையைப் பட்டப்பகலில்தான் செய்தாள். கராஜுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவு. கதவுக்கு அப்பால் சாய்நாற்காலியில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், அவர் அடைத்ததையெல்லாம் அவள் டொக் டொக்கென்று உடைத்துக்கொண்டிருப்பாள். கதவை ஒருநாளும் சாத்தியதில்லை. அவர் திரும்பிப் பார்த்தால் கிளாஸில் பால் வேண்டுமா என்று சைகையில் கேட்பாள். அந்தத் துப்பாக்கி அவருக்குச் செய்த ஒரே உபகாரம் அந்தச் செவிட்டுத்தனம்தான்.

இரண்டாவது வரிசையில் மிஞ்சியிருந்ததில் முதல் தோட்டா. மணி மருந்து. அடுத்தது, அதுவும் மணி. மூன்றாவது வரிசையும் முழுக்கச் சரி. நான்காவது வரிசையில் கை வைக்கும்போது அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எல்லாமே சரியாக இருந்துவிட்டால்? படுக்கையில் விழுவதற்கு முன்னால், மகனுக்காக என்று உட்கார்ந்த அந்த ஒருநாள் மட்டும் புத்தி தெளிந்து, அவர் பழைய டெல்மராகவே அடைத்திருந்தால்? அப்படியானால் அவள் சொன்னது பொய். பெற்ற தகப்பனைக் குழிக்குள் வைத்து நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தியவள் என்ற பெயர்தான் நிஜம். ஆனால் அவர் நன்றாக இருந்தார் என்று ஆகும். இந்த இரண்டில் எது வேண்டும் என்று அவளை யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

ஐந்தாவது வரிசையின் நடுத் தோட்டாவில் செதில் விழுந்தது.

சாம்பல் நிறத்தில், தட்டையாக, சின்னச் சின்னச் செதில்கள். லேசான கைத்துப்பாக்கிக்குச் சிட்டிகையளவு போடுகிற மருந்து. டக்கென்று பற்றிக்கொள்கிற சாதி. மேக்னம் குப்பியில் அதைக் கழுத்து வரைக்கும் நிரப்பியிருந்தார். அவள் இன்னொன்றைத் தட்டினாள். அதுவும் செதில். பெட்டியின் கடைசித் தோட்டா வரைக்கும் அதேதான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அளக்கும் கருவியின் குடுவையில் இருந்த மருந்து பாதியில் தீர்ந்திருக்கிறது. அப்பா எழுந்து அலமாரிக்குப் போய்ப் பக்கத்து டப்பாவை எடுத்துக் கொட்டிக்கொண்டு வந்து, மேலே தொடர்ந்திருக்கிறார். மருத்துவக் கட்டில் வந்து இறங்கிய நாள் அது. வாசலில் நின்று அந்த ஆட்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் மூடியில் நாடாவை ஒட்டிக்கொண்டிருந்தார். குழந்தை மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

டுவேன் முன்வரிசையிலிருந்து எடுத்தான். கை தவறிப் பெட்டியைத் திருப்பி வைத்து எடுத்திருந்தால், இந்நேரம் மேலே இன்னொரு குழி தோண்ட ஆள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போனை எடுத்தாள். தம்பியின் எண்ணைப் பார்த்தாள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்தால் நீ எதை வேண்டுமானாலும் போட்டிருப்பாய் என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. போனைக் கீழே வைத்தாள்.

செதில் மருந்தையெல்லாம் ஒரு மூடியில் கொட்டி, லைலாக் செடியின் அடியில் தூவினாள். வீணான மருந்தை அப்பா எப்போதும் அங்கேதான் போடுவார், செடிக்கு நல்லது என்பார். இந்த இரண்டு வருடமும் அது கிளை கொள்ளாமல் பூத்திருந்தது. பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு குப்பியிலும் சரியான மருந்தை அளந்து போட்டு, குண்டை வைத்து அழுத்தி, பெட்டியை நிரப்பினாள். சுட்டதற்கும் குழிமேட்டில் பிரித்ததற்கும் உரிய இடங்களை மட்டும் அப்படியே காலியாக விட்டாள். நாடா கொஞ்சம் பிரிந்திருந்தது. விரலால் நீவி ஒட்டினாள்.

காலையில் டுவேன் வந்தபோது ரிவால்வரை எண்ணெய் போட்டுத் துடைத்து உறையில் வைத்திருந்தாள். அவன் பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எல்லாம் ஒரே உயரம்," என்றான். "அளவுகோல் வெச்ச மாதிரி. இதைச் செஞ்ச கைக்கா நினைவு தப்பிப்போச்சு?"

நோரீன் ரிவால்வர் உறையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வருஷா வருஷம் அவர் பிறந்தநாளுக்கு ஒண்ணு சுடுவேன். கெய்லியையும் சுட வைப்பேன்." மூடியைச் சாத்தினான். வாசலில் காருக்குள் கெய்லி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. "நோரி, நேத்து கோபத்துல பேசிட்டேன். நீ ரொம்பக் கஷ்டப்பட்டே, எனக்குத் தெரியும். ஆனா நீ அதை அவரை உள்ள போட்டு மூடறதுக்கு முன்னாடி சொன்னே. அது மட்டும் மனசுல அப்படியே நிக்குது. ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு, நான் மறந்துடறேன்."

"என்ன வார்த்தை?"

"தப்பா சொல்லிட்டேன்னு."

அவள் அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு காரில் இருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"தப்பா சொல்லிட்டேன்," என்றாள்.

டுவேன் அவளைக் கட்டிக்கொண்டான். நல்ல மனிதன்தான், அதில் சந்தேகமில்லை. கண் கலங்கியிருந்தது. "உனக்கு அப்பா ஞாபகமா என்ன வேணும்? அந்த கராஜுல எது வேணும்னாலும் எடுத்துக்கோ."

"குண்டு பிடுங்கற சுத்தி."

"அந்தப் பிளாஸ்டிக்கா?" சிரித்துவிட்டான். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

கார் ஓடைப் பாலத்தைத் தாண்டும்வரை வாசலில் நின்றாள். மத்தியானம் வெண்டல் வந்தார். கூப்பிடவில்லை, உட்காரவில்லை. காப்பி டின்னைக் கராஜ் மேசைமேல் வைத்துவிட்டு, "உன்னுதும் இருக்கும், அவன் உன் கண்ணுல படாமக் குடுத்ததும் இருக்கும். எது எதுன்னு எனக்குத் தெரியலை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டின் கனமாக இருந்தது. நோரீன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் தோட்டாவைச் சுத்தியலுக்குள் சொருகி, கட்டைமேல் தட்டினாள். சத்தம் வீடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. இன்னொரு முறை தட்டினாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், காலியாக இருந்த சாய்நாற்காலியைப் பார்க்காமல், இரண்டு வருடமாகத் திறந்தே கிடந்த கூடத்துக் கதவைச் சாத்தினாள்.